நாகலூரில் ஒரு ஜீப் விலைக்கு

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, பகோடா பாயிண்டில் நின்று படம் எடுத்து, சேர்வராயன் கோயிலுக்கும் ஒரு நடை போய்விட்டுச் சாயங்காலமே சேலத்துக்கு இறங்கிவிடுவார்கள். ஏரிக்கரையில் தொடங்கி ஏரிக்கரையிலேயே வந்து முடிகிற 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது நாகலூர். அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. ஜனவரியில் நான் அங்கே போனது ஒரு வண்டியைப் பார்க்க. தோட்டக்காரர் ஒருவர் தன் அப்பா காலத்து ஜீப்பை விற்கப்போகிறார், பெட்ரோல் வண்டி, கம்பெனி இன்ஜின் கழற்றாமல் அப்படியே இருக்கிறது என்று சேலத்து மெக்கானிக் ஒருவர் சொல்லியிருந்தார். பழைய ஜீப் என்று இன்றைக்கு விலைக்கு வருகிறவற்றில் டீசல் இன்ஜின் மாற்றாத வண்டி கிடைப்பது அபூர்வம். உடனே கிளம்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரத்தின் அந்தப் படக் கம்பெனி அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' 1952இல் வெளிவந்தது. தமிழில் அதன் பெயர் 'காடு'. ராட் கேமரனும் சீசர் ரொமேரோவும் ஹாலிவுட்டிலிருந்து வந்து நடித்துவிட்டுப் போனார்கள். நடிகர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்த அமெரிக்க வண்டி மட்டும் திரும்பிப் போகவே இல்லை.

அடிவாரம் தாண்டியதும் எண் பலகைகளோடு இருபது கொண்டை ஊசி வளைவுகள். இப்போதைய கார்கள் ஏசி போட்டுக்கொண்டே ஏறிவிடுகின்றன. கார்புரேட்டர் காலத்தில் அப்படியில்லை. பாதி மலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டிகள் ஓரங்கட்டி நிற்கும். ரேடியேட்டர் கொதித்திருக்கும். இல்லையென்றால் பெட்ரோல் பம்பு சூடேறி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கும். டிரைவர் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, அது ஆறும்வரை பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏற ஏறக் காற்று மெலிந்து இன்ஜினின் வலுவும் குறையும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. இப்படிப்பட்ட சாலையில் ஆண்டுக்கணக்கில் மூட்டை ஏற்றி இறக்கிய வண்டியைத்தான் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பே எனக்கு உற்சாகமாக இருந்தது.

ஒண்டிக்கடையைத் தாண்டி நாகலூர்ச் சாலையில் திரும்பினால் கடைகள் சட்டென்று முடிந்துவிடுகின்றன. இரு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின்மேல் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடிகள். பழம் பறிக்கும் காலம். சிவந்த பழங்களை இடுப்பில் கட்டிய சாக்குப்பைகளில் பெண்கள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சேலம் கலெக்டராக 1820 முதல் 1829 வரை இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார் என்பது வரலாறு. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மாட்டு வண்டி, மட்டக் குதிரை, தலைச்சுமை என்றே தோட்டங்கள் நடந்தன. தோட்டத்துக்குள்ளே போகும் வண்டித்தடத்தில் கார் இறங்காது, லாரி திரும்பாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தக் குறை தீர்ந்தது.

போருக்காக வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்தபோது படைகள் விட்டுச்சென்றவை உலகம் முழுக்க ஏலத்துக்கு வந்தன. வில்லிஸ் தன் பங்குக்கு அதே வண்டியை உழவர்களுக்கான வாகனமாக மாற்றி விற்கத் தொடங்கியது. 'சிவிலியன் ஜீப்' என்பதன் சுருக்கமாக சிஜே என்று பெயர். 1945இல் மகேந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் தொடங்கிய மகேந்திரா அண்ட் முகமது கம்பெனி இந்த ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். பம்பாயில் கம்பெனி மகேந்திரா அண்ட் மகேந்திரா என்று பெயர் மாறியது. முதலில் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டி, போகப்போக இங்கேயே முழுதாகத் தயாரானது.

தோட்டக்காரர் எழுபதை நெருங்குகிறவர். காப்பி உலர்த்தும் களத்தின் ஓரத்துக் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். 1967ஆம் ஆண்டு வண்டி, சிஜே-3பி மாடல். பானட் உயரமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக நிமிர்ந்து நிற்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. 'ஹரிகேன்' என்ற இதன் இன்ஜினில் பெட்ரோல் உள்ளே வரும் வால்வுகள் தலைக்கு மேலும், புகை வெளியேறும் வால்வுகள் பக்கத்திலும் இருக்கும். முந்தைய இன்ஜினைவிட உயரம் கூடிவிட்டதால் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், எழுபது சொச்சம் குதிரைத்திறன். முன்பக்கக் கிரில்லில் ஏழு பிளவுகள். கண்ணாடிச் சட்டத்தை முன்னால் மடக்கிப் பானட்டின்மேல் படுக்க வைக்கலாம். பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில். ஸ்டீயரிங் இடப்பக்கம். பின்னால் சிவப்பு எழுத்தில் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருந்ததைக்கூட அழியவிடாமல் வைத்திருந்தார்.

"செல்ஃப் வேண்டாம். ஹேண்டில் போட்டே எடுங்க தம்பி" என்றார்.

முன் பம்பரின் ஓட்டை வழியாகக் கம்பியை நுழைத்துப் பல்லில் மாட்டினேன். பக்கத்தில் நின்ற டிரைவர் என் கையைப் பிடித்துத் திருத்தினார். "கட்டை விரலை அந்தப் பக்கம் சுத்தாதீங்க சார், மத்த விரலோட ஒண்ணா வைங்க. இன்ஜின் திருப்பி அடிச்சா கம்பி கையை விட்டு நழுவிப் போயிரணும். கட்டை விரல் சுத்தியிருந்தா மணிக்கட்டு போயிரும்." கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. டீசல் ஜீப்பின் தடதடப்பு இதில் கிடையாது. சீரான, கனத்த, தாழ்ந்த குரல். புகை தள்ளவில்லை. ஆயில் கசிவு இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான வண்டியில் இதைவிட என்ன வேண்டும்?

தோட்டத் தடத்தில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று கியர். முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது, ஓடும்போது அதற்குக் குறைக்க வேண்டுமானால் கிளட்சை இரண்டு தரம் மிதித்துத்தான் போட வேண்டும். பக்கத்தில் இரண்டு குட்டி லிவர்கள். ஒன்று முன் சக்கரங்களையும் சேர்க்க, மற்றது லோ கியருக்கு. லோ கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால், செங்குத்தான இறக்கத்தில் பிரேக் தொடாமலே நடக்கும் வேகத்தில் இறங்குகிறது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே எத்தனை விரல் இடம் இருக்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. மெயின் ரோட்டில் முந்திப் போவதற்கு அதே ஸ்டீயரிங் கஷ்டம்தான். ஆனால் மூட்டைகளோடு தடத்தின் விளிம்பில் போகிற வண்டிக்கு முந்த வேண்டிய தேவை என்ன இருக்கிறது? இந்த மலைக்காகவே செய்த வண்டி என்று எனக்குப் பட்டது.

அமெரிக்கப் பழைய வண்டி என்றால் என் வயதுக்காரர்கள் பலருக்கு நினைவில் வருவது மஸ்டாங், கேமரோ, சார்ஜர். அமெரிக்காவில் அவற்றை மஸில் கார் என்பார்கள். நடுத்தர அளவுக் காரில் பெரிய காரின் இன்ஜினைத் தூக்கி வைப்பதுதான் அதன் சூத்திரம். 1964இல் பான்டியாக் கம்பெனி ஜிடிஓவில் 6.4 லிட்டர் வி8 இன்ஜினை வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் நடுத்தரக் கார்களில் அவ்வளவு பெரிய இன்ஜின் கூடாது என்று விதி வைத்திருந்தது. அந்த விதியைச் சுற்றிக்கொண்டு போக, அதைத் தனி மாடல் என்று சொல்லாமல், வேண்டுவோருக்குத் தரும் கூடுதல் வசதி என்று பட்டியலில் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 17இல் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. முதல் நாளே 22,000 பேர் முன்பதிவு செய்தார்கள். பத்தாண்டுகூட நீடிக்காத கொண்டாட்டம். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் நெருக்கிக்கொண்டிருந்தன. 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் அடங்கிவிட்டது.

நம் ஊரில் அந்தக் கார்கள் ஓடாததற்குக் காரணம் ரசனைக் குறைவில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவிலேயே இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட்டன. வெளிநாட்டுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட அடைபட்டது. தூதரகக்காரர்கள் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுச்சென்ற கார்களை அரசு வணிகக் கழகம் விற்கும். சினிமாக்காரர்களும் மில் முதலாளிகளும் இம்பாலா ஏறியது பெரும்பாலும் அந்த வழியில். மற்றவர்கள் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அமெரிக்கப் பொறியியல் தமிழ்நாட்டின் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்து சேர்ந்தது ஜீப்பாகத்தான்.

மஸில் காருக்கும் ஜீப்புக்கும் இரத்த உறவும் உண்டு. 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் ஜீப் கம்பெனியை விலைக்கு வாங்கியது. தன்னுடைய ஜாவ்லின் காரில் இருந்த 304 கன அங்குல வி8 இன்ஜினை 1972 முதல் சிஜே-5 ஜீப்பிலும் கொடுத்தது. அந்த வண்டி இங்கே வரவில்லை. நம்மிடம் இருந்தது நான்கு சிலிண்டர்தான். ஆனால் சேர்வராயன் மலையில் வலு என்பதற்கு வேறு கணக்கு. ஈரச் சேற்றில் காப்பி மூட்டைகளோடு பின்வாங்காமல் ஏறுகிற இழுவைதான் இங்கே மதிப்பு.

களத்தோரம் காப்பி குடித்துக்கொண்டே காகிதங்களைப் பார்த்தோம். அமெரிக்காவில் பழைய மஸில் கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எண்களைத்தான். ஃபாக்டரியில் எந்த இன்ஜின் வைத்தார்களோ அதே இன்ஜின் இருக்கிறதா, எண் ஒத்துப்போகிறதா? 1971ஆம் ஆண்டு பிளிமவுத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 2014இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. செய்ததே பதினொன்று என்பது ஒரு காரணம், உடம்பும் இன்ஜினும் ஒன்றாகவே பிழைத்திருந்தது இன்னொரு காரணம். நாகலூரில் நான் செய்ததும் அந்தச் சோதனைதான். சேஸிஸ் சட்டத்தில் மண்ணைத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்து எண்ணைப் படித்தேன். இன்ஜின் பிளாக்கிலும் படித்தேன். இரண்டும் ஆர்.சி. புக்கில் இருந்தபடியே இருந்தன. அந்தப் புத்தகத்தின் மடிப்புகளில் அவருடைய அப்பா வெள்ளைத் துணி ஒட்டி வைத்திருந்தார். அட்டைக்குள் பழைய வரி ரசீதுகள், சேலம் கடைகளில் வாங்கிய பிஸ்டன் ரிங், கேஸ்கெட் பில்கள்.

"நல்லா வெச்சிருக்கீங்க ஐயா. அப்புறம் ஏன் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"முட்டி ஒத்துழைக்கல. கிளட்ச் மிதிக்க முடியல. பசங்க வெளியூர்ல இருக்காங்க. நிறுத்தி வெச்சா செத்துரும் தம்பி. ஓடினாத்தான் வண்டி" என்றார். பிறகு பானட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே பெட்ரோல், அடியில் கோடு போட்டதுபோல் தனியாக ஒரு படலம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் பனி இறங்கும் இந்த மலையில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடுகிறது. பழைய ரப்பர் குழாயும் பம்புக்குள் இருக்கும் ரப்பர்த் தாளும் எத்தனாலுக்கு ஊறி நைந்துபோகும். அவர் குழாய்களைப் புதுவகை ரப்பருக்கு மாற்றிவிட்டார், வாரம் ஒருமுறை டிரைவரை விட்டுச் செம்மநத்தம் வரை ஓட்டச் சொல்கிறார். முன்பு ஈயம் கலந்த பெட்ரோல் வந்தது, அது வால்வு இருக்கைகள் தேயாமல் காத்தது. 2000ஆம் ஆண்டோடு ஈயம் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. நம் குழந்தைகளின் மூளைக்கு அது பெரிய நன்மை. அதற்குப் பிறகு இன்ஜின் தலையைச் சேலத்து லேத்துக்குக் கொண்டுபோய்க் கெட்டியான வால்வு இருக்கைகள் போட்டிருக்கிறார். அந்த பில்லும் அட்டைக்குள் இருந்தது. வண்டியை ஒரிஜினலாக வைத்திருப்பது என்பதற்கு இவ்வளவு வேலை இருக்கிறது. கழுவித் துடைத்து மெழுகு போடுவது அதில் கடைசி வேலை.

எனக்கு முன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கேட்ட நாலு லட்சத்துக்கு உடனே ஒப்புக்கொண்டாராம். பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் வைப்பதாகவும், அகல டயர், முன்னால் விஞ்ச், மேலே விளக்கு வரிசை எல்லாம் போட்டு ரீல்ஸ் எடுக்கப்போவதாகவும் சொன்னாராம். தோட்டக்காரர் யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்ஜின் மாற்ற வேண்டுமானால் ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். டீசல் ஜீப் வேண்டுகிறவருக்கு மகேந்திராவின் டீசல் ஜீப்புகள் எத்தனையோ விலைக்குக் கிடைக்கின்றன. ஹரிகேன் இன்ஜின் இனி யாரும் செய்யப்போவதில்லை.

இந்த வண்டியின் வம்சம் தார் என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. 2018இல் மகேந்திரா அதே வடிவத்தில் ரோக்சர் என்ற வண்டியை டெட்ராய்ட் பக்கத்தில் பூட்டி அமெரிக்கர்களுக்கே விற்றது. ஜீப் கம்பெனி வழக்குப் போட்டது, ஏழு பிளவுக் கிரில்லின் சாயலே இல்லாமல் ரோக்சரின் முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. நாகலூர்க் கொட்டகையில் இருப்பதில் அந்தப் பழைய முகம் அப்படியே இருக்கிறது, சட்டப்படி உரிமம் வாங்கிச் செய்த முகம்.

பதிவு விஷயத்தில் வாங்குகிறவர் முன் இரண்டு வழிகள். ஐம்பது ஆண்டு தாண்டிய, உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் வந்த விதிப்படி விஏ என்ற எழுத்துகளோடு தனி எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்த எண் வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது தவிர அன்றாடம் ஓட்டக் கூடாது. மூட்டை ஏற்றவே முடியாது. சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போகலாம். ஆனால் இருபது ஆண்டு தாண்டிய கார், ஜீப் வகைகளுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏறிவிட்டது, பசுமை வரி தனி. இந்த ஜீப்புக்கு இரண்டாவது வழிதான் சரி. தோட்டத்தில் உழைத்த வண்டி தோட்டத்தில் ஓட வேண்டும். புகைச் சோதனையில் தேறுகிற பழைய வண்டியை, அதுவும் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டரே ஓடுகிறதை, இவ்வளவு கட்டணம் போட்டு நெருக்குவது நியாயமில்லை.

நான் வாங்கவில்லை. அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் இதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ பச்சைமலையிலோ நிலம் வைத்திருக்கிற யாராவது வாங்கினால் நல்லது. பழைய ஜீப் வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். தரைத்தகட்டுக்குக் கீழே குனிந்து துருவைத் தட்டிப் பாருங்கள். இன்ஜின் சூடான பின் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள், கோளாறு அப்போதுதான் வெளியே வரும். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தை வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜின் இருந்தால் தயவுசெய்து அதைக் கழற்றாதீர்கள். கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய இன்ஜினை இரும்புக் கடைக்குப் போடாமல் எண்ணெய் தடவி மூடி வையுங்கள். அடுத்து வாங்குகிறவருக்கு அது தேவைப்படும்.